கொலுச் சுண்டலும் ஹாலோவீன் மிட்டாயும்

நவராத்திரிக்கும் ஹாலோவீனுக்கும் பஞ்சாங்க உறவு எதுவும் இல்லை. ஆனாலும் இரண்டும் அடுத்தடுத்துத்தான் வரும். 2023-இல் விஜயதசமி முடிந்த ஒரே வாரத்தில் ஹாலோவீன் வந்தது. 2025-இல் நான்கு வாரம் தள்ளி வந்தது. நியூஜெர்சியில் வளரும் தமிழ்க் குழந்தை பட்டுப்பாவாடை கட்டி நாலு வீட்டில் சுண்டல் வாங்குகிறது. அந்தப் பாவாடையை மடித்து வைப்பதற்குள் சூனியக்காரித் தொப்பி மாட்டி நாற்பது வீட்டில் மிட்டாயும் வாங்கிவிடுகிறது.

எட்ட நின்று பார்த்தால் இரண்டும் ஒரே காரியம்தான். வீட்டை அலங்கரித்து வைத்திருப்பார்கள். பொழுது சாய்ந்ததும் பிள்ளைகள் வேஷம் கட்டிக் கிளம்பும். மதுரையில் என்றால் ஆண்டாள், மீனாட்சி, கிருஷ்ணன். அங்கே பேய், எலும்புக்கூடு, ஸ்பைடர்மேன். இங்கே “ஒரு பாட்டுப் பாடேன்” என்று வீட்டுக்காரர் கேட்பார். அங்கே “தர்றியா, வம்பு பண்ணட்டுமா?” என்று பிள்ளைகள் கேட்கும். எப்படியானாலும் கடைசியில் கைக்கு ஒரு தின்பண்டம் வந்துசேரும்.

அக்டோபர் பிறந்துவிட்டால் அமெரிக்கப் பெற்றோரும் பல் மருத்துவர்களும் மிட்டாய்க்குப் பதில் என்ன கொடுக்கலாம் என்று யோசனை சொல்ல ஆரம்பிப்பார்கள். உலர் திராட்சை, ஆரஞ்சுப் பழம், பாப்கார்ன் என்று அது நீளும். படிக்கிற மதுரைக்காரருக்கு நமட்டுச் சிரிப்பு வரும். அவித்த பயறைத் தாளித்து, தேங்காய்ப்பூ தூவி, தொன்னையில் வைத்துக் கொடுப்பதை இந்த ஊர் என்றைக்கோ பழகிக்கொண்டதே! சத்து என்று பார்த்தால் அந்தச் சிரிப்பு நியாயம்தான். ஒவ்வாமை என்று பார்த்தால் பாதிதான் நியாயம். அந்த மீதிப் பாதியைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

சத்துக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஹாலோவீனுக்கென்று விற்கிற குட்டிச் சாக்லேட் ஒன்றில் சுமார் 8 கிராம் சர்க்கரை இருக்கும். இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு, பண்டங்களில் சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க இதயச் சங்கம் 2016-இல் சொன்னது. மூன்று சாக்லேட்டில் அன்றைய கணக்கு தீர்ந்தது. பையிலோ நாற்பது ஐம்பது கிடக்கும். அவித்த கொண்டைக்கடலை 100 கிராமில் புரதம் 9 கிராம் அளவுக்கும், நார்ச்சத்து 7 கிராமுக்குக் குறையாமலும் உண்டு. உப்பைக் கொஞ்சம் கவனித்தால் போதும், வேறு குறை சொல்ல முடியாது. இன்னொன்று, சுண்டல் மறுநாளே ஊசிப்போகும். மிட்டாய்ப் பை பொங்கல் வரைக்கும் அலமாரியில் கிடக்கும். ஹாலோவீன் ராத்திரியில் தின்பதைவிட, அதற்குப் பிறகு தினம் ஒன்றாக எடுத்துத் தின்பதுதான் பல்லுக்கு எமன்.

உறை போட்ட மிட்டாய் அங்கேயும் ஆதியிலிருந்து இருந்ததில்லை. பிள்ளைகள் வீடுவீடாகப் போகும் வழக்கம் அமெரிக்காவில் 1930-களில் பரவியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சர்க்கரைக்கு ரேஷன் வந்ததும் கொஞ்சம் ஓய்ந்து, 1950-களில் மறுபடி சூடு பிடித்தது. அதுவரை வீட்டில் சுட்ட பிஸ்கட்டும், பாகில் பிடித்த சோளப்பொரி உருண்டையும், ஆப்பிளும், சில்லறைக் காசும் கொடுத்தார்கள். நம் கார்த்திகைப் பொரி உருண்டைக்கு அங்கே ஒரு சகோதரி இருந்தாள் என்றே வைத்துக்கொள்ளலாம். பிறகு வதந்தி கிளம்பியது: ஆப்பிளுக்குள் பிளேடு, மிட்டாய்க்குள் நஞ்சு. 1974-இல் டெக்சாஸில் எட்டு வயதுப் பையன் ஒருவன் ஹாலோவீன் இனிப்பில் கலந்திருந்த சயனைடால் செத்தான். கலந்தவர் ஊர் பேர் தெரியாத ஆள் இல்லை. காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட சொந்த அப்பா. 1982-இல் சிகாகோவில் மாத்திரைப் புட்டிகளில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்ததும் பயம் உச்சத்துக்குப் போனது. ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் 1958-இலிருந்து வந்த செய்திகளைத் துருவிப் பார்த்தார். முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் ஒரு குழந்தைகூடக் கொல்லப்பட்டதாக அவருக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் ஆதாரத்தை யார் கேட்டார்கள்? கையால் செய்தது எதுவும் வேண்டாம், கம்பெனி உறை பிரியாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு என்பது தாய்மார்களின் சட்டமாகிவிட்டது.

மதுரையில் இதற்கு நேர்மாறு. எஸ்.எஸ். காலனியானாலும் லட்சுமிபுரமானாலும் நாம் கொலுவுக்குப் போகிற வீடு, குங்குமச் சிமிழோடு வந்து நம்மை அழைத்தவர் வீடு. இன்றைக்குச் சிமிழுக்குப் பதில் வாட்ஸ்அப் அழைக்கிறது. ஆள் என்னவோ தெரிந்த ஆள்தான். அவர் கையால் கிளறியது என்பதே போதுமான உத்தரவாதம். உறை போட்ட பண்டத்தை எடுத்து நீட்டினால், “அவளுக்கு முடியல போல, கடையில வாங்கிக் கொடுத்துட்டா” என்று படி இறங்கும்போதே முணுமுணுப்பு கேட்கும்.

ஆக, அங்கே உறையை நம்புகிறார்கள், இங்கே கையை நம்புகிறோம். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்தி, இந்த இரண்டில் எது அதற்கு உதவும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் நமக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். உறைதான் உதவும்.

அமெரிக்காவில் 2004-இல் வந்த சட்டப்படி பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, முந்திரி பாதாம் போன்ற மரக்கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா ஆகிய எட்டும் பண்டத்தில் இருந்தால் உறையில் பச்சையாகச் சொல்லியாக வேண்டும். 2021-இல் எள்ளும் சேர்ந்து ஒன்பதானது. 2023 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியாவிலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகளில் இப்படி ஒரு பட்டியல் உண்டு. நிலக்கடலை, மரக்கொட்டை, பால், பசைப்புரதம் உள்ள தானியங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. எள் இல்லை. நல்லெண்ணெயிலும் எள்ளுருண்டையிலும் புழங்கும் நாட்டில் எள் விட்டுப்போயிருப்பது வேடிக்கைதான்.

உறையும் முழுக்கக் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. பெரிய பாக்கெட்டில் சேர்மானம் அச்சாகியிருக்கும். அதற்குள் இருக்கும் குட்டிப் பொட்டலங்களில் பல நேரம் பெயர் மட்டும்தான் இருக்கும். அதனால் அங்கேயும் தாய்மார்கள் பையைத் தரையில் கொட்டி, கடலை உள்ளது, பால் உள்ளது என்று பிரித்துக்கொண்டிருப்பார்கள். குழந்தை வாங்கி வந்ததில் பாதிக்கு மேல் கைமாறிப் போய்விடும். இந்த வருத்தத்திலிருந்துதான் 2012-இல் டென்னசி மாநிலத்தில் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் குடும்பங்கள் சேர்ந்து ஒரு யோசனை செய்தன. வாசலில் ஆரஞ்சு நிறப் பூசணியோடு நீலப்பச்சை வண்ணம் அடித்த பூசணி ஒன்றும் இருந்தால், ‘இந்த வீட்டில் தின்பண்டம் அல்லாத பரிசும் உண்டு’ என்று பொருள். பென்சில், ஒட்டுப்படம், ஒளிரும் வளையல் என்று ஏதாவது தருவார்கள். 2014-இல் தேசிய அளவிலான ஒவ்வாமை அமைப்பு இதைக் கையில் எடுத்தது. அந்தப் பூசணியின் அருமை என்னவென்றால், பிள்ளை வாய் திறந்து எதுவும் கேட்க வேண்டாம். அதன் குறையை ஊரறியச் சொல்லவும் வேண்டாம்.

இனி நம் சுண்டலுக்கு வருவோம். அதற்கு ஒரு சேர்மானச் சீட்டு ஒட்டினால் எப்படி இருக்கும்? கொண்டைக்கடலை, தேங்காய்ப்பூ, கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை, பெருங்காயம், எண்ணெய், உப்பு. பார்க்க அப்பாவிப் பண்டம். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். கொண்டைக்கடலையே சிலருக்கு ஆகாது. அதனால் வந்த கடும் ஒவ்வாமை 1990-களிலேயே இந்திய மருத்துவர்களின் எழுத்தில் பதிவாகியிருக்கிறது. கடுகு ஐரோப்பிய ஒன்றியத்தின் 14 ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்று. கடையில் வாங்கும் பெருங்காயம் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அசல் பிசினோடு வேலம்பிசினும் மைதாவும் சேர்த்துப் பிடித்தது. டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தில் பாருங்கள். கோதுமை ஆகாத பிள்ளைக்கு, ‘பயறுதானே, தைரியமாச் சாப்பிடு’ என்று கொடுக்கும் சுண்டலில் சிட்டிகை மைதா ஒளிந்திருக்கும்.

எண்ணெய்தான் இதில் பெரிய விவகாரம். மதுரையில் இப்போது தெருவுக்குத் தெரு மரச்செக்குக் கடை. ரீஃபைண்டு எண்ணெயை விட்டுச் செக்குக் கடலெண்ணெய்க்கு மாறியவர்கள் அதைப் பெருமையாகவே சொல்வார்கள். உடம்புக்கு எது நல்லது என்ற வழக்கு தனி. கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு வரும்போது அந்த வழக்கு அப்படியே தலைகீழாகிவிடும். ஒவ்வாமையைக் கிளப்புவது கடலையின் புரதம். நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் அது கிட்டத்தட்ட இருக்காது. செக்கில் ஆட்டிய எண்ணெயில் மிஞ்சியிருக்கும்.

“அத்தை, இன்னைக்கு எந்த எண்ணெயில தாளிச்சீங்க?” என்று ஒரு தாய் தயங்கித் தயங்கிக் கேட்கிறாள். “செக்கு எண்ணெய்தாம்மா, கண்ணு முன்னாடி ஆட்டுனது, துளி கலப்படம் கிடையாது” என்று பதில் வருகிறது. அத்தை சொன்னது சத்தியம். அந்தச் சத்தியத்தைக் கேட்டதும் தாயின் கை பிள்ளையின் தொன்னையை மெல்ல வாங்கிக்கொள்கிறது. “சாமி பிரசாதம்டி, ஒரு வாய்ல என்ன ஆயிடப் போகுது?” என்பார் அத்தை. நான் பார்த்த வரையில் இந்த இடத்தில்தான் எல்லாத் தாய்மார்களும் தடுமாறுகிறார்கள். மிட்டாயை வேண்டாம் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பிரசாதத்தை மறுத்தால் வீட்டையும் மறுத்ததாக, சாமியையும் மறுத்ததாக ஆகிவிடும்.

இதோடு கரண்டியும் இருக்கிறது. ஒன்பது நாளில் ஒரு நாளாவது நிலக்கடலைச் சுண்டல் வராமல் போகாது. சில வீடுகளில் சனிக்கிழமை எள்ளுருண்டை வரும். நேற்றுக் கடலை கிளறிய அதே இருப்புச்சட்டி, அதே கரண்டி, இன்றைக்குத் தட்டாம்பயறு கிளறும். கம்பெனி உறையில் ‘கடலை கையாளும் ஆலையில் தயாரானது’ என்று ஒரு வரி போடுவார்கள். நம் அடுப்படிக்கு அந்த வரியை யார் போடுவது?

பதறவும் வேண்டாம். அமெரிக்காவில் 2018-இல் வெளியான பெரிய கணக்கெடுப்பில் பிள்ளைகளில் 7.6 விழுக்காட்டினருக்கு உணவு ஒவ்வாமை இருப்பதாக மதிப்பிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றிய நிதியில் இந்தியா, சீனா, ரஷ்யா ஆகிய நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளிடையே நடந்த ஆய்வில் இந்தியாவின் கணக்கு 0.14 விழுக்காடு, அதாவது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேர். இரண்டும் வேறு வேறு முறையில் எடுத்தவை, நேருக்கு நேர் நிறுத்தக் கூடாது. என்றாலும் இடைவெளி பெரியது என்பதில் சந்தேகமில்லை. நம் பிள்ளைகளுக்கு ஏன் குறைவு என்பதற்கு ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. லண்டனில் 640 கைக்குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2015-இல் வந்தது. முதல் வயதிலிருந்தே நிலக்கடலைப் பண்டத்தைத் தின்னப் பழக்கிய பிள்ளைகளுக்கு ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருந்தது. கடலையை வறுப்பதால் அதன் ஒவ்வாமைத் தன்மை கூடுகிறது, அவிப்பதால் குறைகிறது என்பதற்கும் ஆய்வுகள் உண்டு. வைகைக் கரையில் அவித்த கடலையை மசித்துக் குழந்தைக்கு ஊட்டியவர்களுக்கு இது எதுவும் தெரியாது. ஆனால் நடந்தது அதுதான். இதைப் படித்துவிட்டு, ஏற்கெனவே ஒவ்வாமை வந்த பிள்ளைக்கு ‘அவிச்சதுதானே’ என்று யாரும் ஊட்டிவிடக் கூடாது. வந்த பிறகு அவித்ததும் ஆபத்துதான்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தியர்களிடம் ரத்தப் பரிசோதனை செய்தால் பல பண்டங்களுக்கு ‘உண்டு’ என்று முடிவு வருகிறது. உண்மையில் தின்று பாதிக்கப்படுகிறவர்கள் மிகக் குறைவு. நீளமான பரிசோதனைச் சீட்டைப் பார்த்துப் பயந்து, பால் நிறுத்து, பயறு நிறுத்து, தேங்காய் நிறுத்து என்று பிள்ளையைக் காயப்போடும் வீடுகள் பெருகிவிட்டன. எதைத் தின்றபோது என்ன ஆனது என்று விசாரித்துச் சொல்லும் மருத்துவர்தான் தேவை. சீட்டை மட்டும் நம்பிப் பயனில்லை. உண்மையிலேயே கடும் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இங்கே சிரமம் இரட்டிப்பு. அமெரிக்கத் தாய் கைப்பையில் வைத்திருக்கும் அட்ரினலின் பேனா நம் மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்தால் 108-ஐ அழைத்து நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். இராஜாஜி மருத்துவமனைக்கு எஸ்.எஸ். காலனியிலிருந்து நவராத்திரி மாலை நெரிசலில் எவ்வளவு நேரம் ஆகும் என்பது மதுரைக்காரர்களுக்குத் தெரியும். அதனால் இந்த ஊரில் முன்கூட்டிக் கேட்டுக்கொள்வதுதான் பாதி வைத்தியம்.

நம் தெருவும் மாறி வருகிறது. கொலுவுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சுண்டலோடு ஒரு சாக்லேட், ஒரு சிப்ஸ் பாக்கெட் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் திருவிழாக் கடைகளை மறந்துவிடுகிறார்கள். 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் அடுத்துத் தமிழ்நாடு அரசும் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தன. துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் அதில் கலந்திருந்தது சோதனையில் தெரிந்தது. சித்திரைத் திருவிழாவில் தலைமுறை தலைமுறையாகத் தின்ற ரோஸ் நிறம் அது. அமெரிக்காவும் யோக்கியம் இல்லை. மிட்டாய்களில் பல காலமாகச் சேர்த்துவந்த ‘சிவப்பு 3’ என்ற சாயத்துக்கான அனுமதியை 2025 ஜனவரியில்தான் அங்கே ரத்து செய்தார்கள்.

அப்படியானால் என்ன கொடுக்கலாம்? சத்துக்கு நல்லது என்பதும் ஒவ்வாமைக்குப் பாதுகாப்பு என்பதும் வேறு வேறு என்பதற்குக் கோவில்பட்டிக் கடலை மிட்டாயே சாட்சி. 2020-இல் புவிசார் குறியீடு வாங்கியது. வெல்லமும் கடலையும் சேர்ந்த அருமையான பண்டம். எந்தச் சாக்லேட்டையும்விட நான் அதைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன், வகுப்பில் கடலை ஆகாத ஒரு பிள்ளை இல்லாத வரைக்கும். கமர்கட்டில் தேங்காயும் வெல்லமும்தான். ஆனால் பல்லைப் பிடித்துக்கொள்ளும். பொரி உருண்டை பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒத்துப்போகும். முழுக் கொண்டைக்கடலையும் மொச்சையும் நாலு வயதுக்குள் இருப்பவர்களுக்குத் தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம். மசித்துக் கொடுப்பதே நல்லது.

என் ஓட்டு புட்டுக்கு. ஆவணி மூலத்தில் புட்டுத்தோப்பில் திருவிழா எடுக்கும் ஊர் இது. கடவுளே வந்திக் கிழவியின் உதிர்ந்த புட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு மண் சுமந்த ஊர். நவராத்திரி வெள்ளிக்கிழமைகளில் வெல்லப் புட்டு வைப்பது பல வீடுகளில் வழக்கம்தான். அதில் நெய்யையும் முந்திரியையும் விட்டுவிட்டால் மிஞ்சுவது அரிசி, வெல்லம், தேங்காய், ஏலக்காய். அமெரிக்காவின் ஒன்பதில் ஒன்றுகூட அதில் இல்லை. தேங்காயையும் மரக்கொட்டைக் கணக்கில்தான் அங்கே வைத்திருந்தார்கள்; 2025-இல் எடுத்துவிட்டார்கள். வெல்லமும் சர்க்கரைதான், அதனால் ஒன்பது நாளும் வேண்டாம், வெள்ளிக்கிழமை போதும். மற்ற நாள்களில் தட்டாம்பயறும் பச்சைப்பயறும் இருக்கட்டும். அழைப்பு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியிலேயே ‘இன்று பச்சைப்பயறு, தாளித்தது நல்லெண்ணெயில்; பெருங்காயம் இல்லை, முந்திரி இல்லை’ என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். கேட்கத் தயங்கும் தாய்க்கு அந்த ஒரு வரியே நீலப்பச்சைப் பூசணி.

பூசணிக்காரர்கள் 2012-இல் கண்டுபிடித்தது நம்மிடம் தாம்பூலத் தட்டாக ஏற்கெனவே இருக்கிறது. கொலுவுக்கு வந்த பெண்ணுக்கு மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கோடு சீப்பும் கண்ணாடியும் கண்ணாடி வளையலும் ரவிக்கைத் துணியும் கொடுத்தனுப்புகிறோம். இவற்றில் பெரும்பாலானவை வாய்க்குள் போகாதவை. பெரியவர்களுக்கு இவ்வளவு யோசித்த வழக்கம், பிள்ளைக்கு மட்டும் ஏன் தின்பண்டத்தோடு நின்றுவிட்டதோ தெரியவில்லை. திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்யும் குடும்பங்கள் விரற்கடை உயரத்தில் யானையும் குதிரையும் மண்ணில் பிடித்து வண்ணம் தீட்டித் தருகிறார்கள். தட்டில் பத்து வாங்கி வைத்தால், சுண்டல் சாப்பிடாத பிள்ளையும் சாப்பிட்ட பிள்ளையும் அதற்குத்தான் முதலில் கை நீட்டும். மண் பொம்மை வீடு போய்ச் சேர்வதற்குள் உடையும், அழுகை வரும். அதற்கு 108 வேண்டியதில்லை.